கலக்கிட்டு எடுங்க: ஒரு புள்ளியியல் பாடநூலை ஈப்போவிலிருந்து வாசித்தல்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக் கணிதம் என்னிடம்தான் படித்தாள். இப்போது டிப்ளோமா முதலாண்டு. புள்ளியியலில் தேறவில்லை. கைப்பேசியில் ஓர் ஆங்கில நூலைத் திறந்து காட்டினாள்.

“சார், இது இலவசமா கெடைக்குது. லெக்சரர் படிக்கச் சொன்னாரு. கணக்கு போட வருது. ஆனா கேள்வி என்னா கேக்குதுன்னே புரிய மாட்டேங்குது.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கணக்குப் போடத் தெரியும், கேள்வி புரியாது. இவளை இப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டல்லவா? அந்த விடுமுறையில் நூலை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஆசிரியர்களுக்கும், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கும், டிப்ளோமா படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் எது உதவும், எது உதவாது என்பதை இங்கே சொல்கிறேன்.

நூலும் அது பிறந்த இடமும்

நூலின் பெயர் ‘இன்ட்ரடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸ்’. எழுதியவர்கள் பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன். இருவரும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கூப்பர்டினோ நகரிலுள்ள டி ஆன்சா கல்லூரியில் கற்பித்தவர்கள். முதலில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ‘கனெக்‌ஷன்ஸ்’ தளத்தில் வேறு பெயரில் இருந்த இந்தப் பாடத்தை, ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013-இல் முழு நூலாக வெளியிட்டது. மொத்தம் 13 இயல்கள். தரவு திரட்டுவதில் தொடங்கி, நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், மைய எல்லைத் தேற்றம், கருதுகோள் சோதனை, கைவர்க்கம், ஒட்டுறவு என்று போகிறது. நான் பேசுவது இந்த 2013 பதிப்பைப் பற்றி.

டி ஆன்சா ஒரு சமூகக் கல்லூரி. நாம் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைப்பது ‘கோலேஜ் கொமுனித்தி’. நம் நாட்டில் 2001-இல் அவை தொடங்கின. சுங்கை சிப்புட்டிலும் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலும் கைத்தொழில், சேவைத் துறைச் சான்றிதழ்களுக்குப் படிக்கிறார்கள். அமெரிக்கச் சமூகக் கல்லூரி அதோடு நிற்பதில்லை. அங்கே இரண்டாண்டு படித்து, அந்தப் புள்ளிகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்படி மாறுவதற்குப் பலருக்குக் குறுக்கே நிற்கும் கதவு இந்த ஆரம்பநிலைப் புள்ளியியல் பாடம்தான். தாதிமை, உளவியல், வணிகம் எதைப் படிக்கப் போனாலும் இதைத் தாண்ட வேண்டும். கணிதத்தில் பலவீனம் என்று கருதப்பட்ட மாணவர்களை முதலில் அடிப்படை வகுப்புகளில் உட்கார வைத்து, பலர் அந்த வகுப்புகளிலேயே தேங்கிப்போனதால், கலிபோர்னியா 2017-இல் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. முடிந்தவரை ஓராண்டுக்குள் அவர்கள் பல்கலைக்கழகத் தரப் பாடத்தை முடிக்க வழி செய்யுங்கள் என்று கல்லூரிகளிடம் சொன்னது.

‘ரிமூவ்’ வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர், கணக்கு என்றாலே பயப்படுகிறவர்: இந்த நூல் இவர்களுக்காக எழுதப்பட்டது. நம் பிள்ளைகளில் பலரும் இந்தக் கூட்டம்தானே?

நூலின் பலம்: சூத்திரத்துக்கு முன் கேள்வி

நம் வகுப்பில் புள்ளியியல் எப்படித் தொடங்கும்? பலகையில் பத்து எண்கள் எழுதுவோம். “முகடு என்ன? நடுவெண் என்ன? சராசரி என்ன?” என்று கேட்போம். எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இந்த நூலின் முதல் இயல் முழுவதும் அதைத்தான் கேட்கிறது. யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? அவர்களில் யாரிடம் போய்க் கேட்டீர்கள்? விட்டுப்போனவர்கள் யார்? முழுத்தொகுதி வேறு, கூறு வேறு என்பதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது. அதே இயலில் டீடெரிக் ஸ்டாபல் கதையும் வருகிறது. நெதர்லாந்தின் சமூக உளவியல் பேராசிரியரான இவர் தரவை இட்டுக்கட்டி ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 2011-இல் பிடிபட்டார். சராசரி காணும் பாடத்துக்கு முன்பே பொய்த் தரவைப் பற்றிப் பேசும் பாடநூல் எத்தனை உண்டு?

இன்னொரு நல்ல இடம் 12-ஆம் இயல். மூன்றாம் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு இறுதித் தேர்வு மதிப்பெண்ணை முன்கணிக்கும் எடுத்துக்காட்டு. மூன்றாம் தேர்வு 80-க்கு, இறுதித் தேர்வு 200-க்கு. பதினொரு மாணவர்களின் தரவிலிருந்து கிடைக்கும் கோடு: இறுதி மதிப்பெண் = −173.51 + 4.83 × மூன்றாம் தேர்வு மதிப்பெண். 73 எடுத்தவருக்கு 179.08 வரும். சரி, 90 என்று போட்டால்? 261.19 வருகிறது. தேர்வே 200-க்குத்தான்!

கணினி தயங்காமல் 261 என்று சொல்லும். மனிதர்தான் நிறுத்த வேண்டும். தரவில் இருந்த மூன்றாம் தேர்வு மதிப்பெண்கள் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவை. அந்த எல்லைக்கு வெளியே இந்தக் கோட்டுக்கு வாயில்லை. முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து, “இவன் எஸ்.பி.எம்.மில் இதுதான் எடுப்பான்” என்று ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதும் நாம் அனைவரும் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மிட்டாயும் கச்சாங் பூத்தேயும்

நூலில் பல இயல்களின் முடிவில் ஒரு செய்முறை இருக்கிறது. நிகழ்தகவு இயலில் எம் அண்ட் எம் மிட்டாய்களை நிறவாரியாக எண்ணி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. நல்ல பயிற்சிதான்.

வார இறுதி வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். மிட்டாய்க்குப் பதில் புந்தோங் கச்சாங் பூத்தே. ஈப்போவில் இருந்துகொண்டு வேறு எதை வாங்குவது? நிலக்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் கலந்த ஒரு பொட்டலம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கைப்பிடி எடுத்து, முறுக்கு எத்தனை பங்கு என்று சொல்ல வேண்டும்.

முதலில் எடுத்தவர்களுக்கு முறுக்கு அள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் எடுத்தவர்களுக்குக் கடலையும் தூளும்தான். “சார், இது அநியாயம்” என்று பின்வரிசையில் ஒரே சத்தம். பொட்டலத்தைக் குலுக்கக் குலுக்கச் சின்னது அடியில் இறங்கும், பெரியது மேலே நிற்கும். மேலே அள்ளினால் அது பொட்டலத்தின் கூறு ஆகாது. மிட்டாய் எல்லாம் ஒரே அளவு என்பதால் அமெரிக்க வகுப்பில் இந்தச் சண்டை வராது. நமக்குச் சண்டை வந்தது, பாடமும் வந்தது. சமவாய்ப்புக் கூறு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஒரு பையனே சொன்னான்: “கலக்கிட்டு எடுக்கணும் சார்.”

அதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரம் இல்லை, செம்பனைதான். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரைக்குப் போய் மரம் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே பாலை நிறுப்பார்கள். ஆனால் நிறுத்த எடைக்குச் சம்பளம் கிடையாது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே கொஞ்சம் பாலை எடுத்துச் சோதித்து, அதில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்று கண்டு, அந்த விழுக்காட்டை மொத்த எடையோடு பெருக்குவார்கள். ‘டி.ஆர்.சி.’ என்ற சொல் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். இருபது கிலோ பால். சோதனையில் 35 விழுக்காடு என்றால் 7 கிலோ ரப்பர். 30 என்றால் 6 கிலோ. ஒரு சிறு குவளைப் பால் ஒரு கிலோ ரப்பரைத் தரவும் செய்யும், எடுத்துக்கொள்ளவும் செய்யும். அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்: “கலக்கிட்டு எடுங்க ஐயா.” கிராணிக்குச் சில நாள் கோபம் வரும், சில நாள் சிரிப்பு வரும். சின்னப் பையனான எனக்கு வெட்கமாக இருக்கும், எதற்கு இந்த அம்மா தினமும் இதையே சொல்கிறார் என்று.

முழுத்தொகுதி அந்த வாளிப் பால். கூறு அந்தக் குவளை. மதிப்பீடு அந்த விழுக்காடு. மதிப்பீடு தவறினால் யாருக்கு நட்டம் என்று அம்மாவுக்குத் தெரியும். நூலின் முதல் இயல் பல பக்கங்களில் சொல்வதை அவர் மூன்று சொல்லில் சொல்லியிருக்கிறார். இதை நான் கணிதம் கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டு கழித்து, கலிபோர்னியாவில் எழுதப்பட்ட ஒரு நூலைப் படித்துத்தான் கண்டுகொண்டேன். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

இரண்டாம் இயல் சராசரி, நடுவெண், முகடு, பரவல் ஆகியவற்றைப் பேசுகிறது. எண்களைப் படமாக வரைந்து பார்த்துவிட்டுத்தான் நூல் கணக்குக்குப் போகிறது. இந்த வரிசையை நான் பின்பற்றாமல் ஒருமுறை தவறு செய்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய ஆறாம் ஆண்டு வகுப்பு. மொத்தம் 12 பேர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, “நம் வகுப்புச் சராசரி 60-ஐத் தொட்டுவிட்டது” என்று பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். மதிப்பெண்கள் ஏறக்குறைய இப்படி இருந்தன (பாடத்துக்காகச் சற்று மாற்றியிருக்கிறேன்):

26, 30, 32, 36, 39, 41, 82, 84, 85, 86, 88, 91.

கூட்டினால் 720. பன்னிரண்டால் வகுத்தால் 60. கணக்கில் பிழையில்லை. ஆனால் 60-க்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை இருக்கிறது? 41-க்கும் 82-க்கும் நடுவே ஆளே இல்லை. நடுவெண் 61.5. அதுவும் அதே பொய்யைத்தான் சொல்கிறது. ‘சராசரி ஏமாற்றும், நடுவெண் காப்பாற்றும்’ என்று நாம் மனப்பாடமாகச் சொல்வோமே, அது இங்கே எடுபடவில்லை. தண்டு-இலை வரைபடம் ஒன்று போட்டிருந்தால் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் போடவில்லை. போன பருவத்தைவிடச் சராசரி ஏறியிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன். ஏறியது மேலே இருந்த ஆறு பேரால்.

கீழே இருந்த ஆறு பேரில் ஒருவன் இடைநிலைப்பள்ளியை முடிக்கவில்லை. அது என் சராசரியால்தான் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்பதும் புள்ளியியல்தான். ஆனால் அந்தப் பருவத்தில் அவன் என் கண்ணில் படவில்லை என்பது உண்மை.

நாட்டுக் கணக்கிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். மலேசியப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2022-இல் குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட், நடுவெண் 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரத்துக்கும் மேல் இடைவெளி. மேலே இருக்கும் சில பெரிய வருமானங்கள் சராசரியை இழுத்துக்கொண்டு போகின்றன. “மலேசியக் குடும்பம் சராசரியாக எட்டாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கிறது” என்று செய்தியில் கேட்டால், அப்பா அம்மா இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பார்க்கும் மாணவர் தன் வீடு ஏதோ விதிவிலக்கு என்று நினைப்பார். உண்மையில் 2022-இல் நாட்டில் பாதிக் குடும்பங்கள் 6,338-க்குக் கீழேதான் இருந்தன.

அளவுகோலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2016-இல் முழு வறுமை வீதம் 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்டது. அப்போது வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019-இல் இங்கே வந்தபோது இந்தக் கோட்டைக் கடுமையாகக் குறை சொன்னார். 2020-இல் அரசாங்கம் புதிய கணக்கிடும் முறையை அறிவித்தது. கோடு 2,208 ரிங்கிட் ஆனது. புதிய முறையில் அதே 2016-க்கு வீதம் 7.6 விழுக்காடு. அதே ஆண்டு, அதே குடும்பங்கள், பத்தொன்பது மடங்கு வித்தியாசம். யாரும் புதிதாக ஏழையாகவில்லை. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த அமெரிக்க நூலில் கிடைக்கும்?

நூலின் குறைகள்

குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, டி.ஐ.-83, 84 வகைக் கணிப்பான். எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று பத்தி பத்தியாக வருகிறது. நம் எஸ்.பி.எம். தேர்வறைக்குள் அந்த வரைபடக் கணிப்பானைக் கொண்டுபோக முடியாது. நம் மாணவர் அந்தப் பத்திகளைத் தைரியமாகத் தாண்டலாம். ஆனால் சில இடங்களில் விடைக்கு வழியே அந்தப் பொத்தான்கள்தான். அங்கே ‘ஏன்’ என்ற கேள்வி காணாமல் போகிறது. முதல் இயலில் அவ்வளவு கேள்வி கேட்கச் சொல்லித் தந்த நூல், பின்னால் விரலுக்கு வேலை கொடுத்துவிட்டு மூளைக்கு ஓய்வு கொடுப்பது வருத்தம்.

இரண்டாவது, கருதுகோள் சோதனை. 9-ஆம் இயலிலிருந்து அது ஒரு சடங்குபோல நடக்கிறது. பி-மதிப்பைக் கண்டுபிடி, 0.05-உடன் ஒப்பிடு, மறு அல்லது மறுக்காதே. 0.049-க்கும் 0.051-க்கும் நடுவே அப்படி என்ன பெரிய மதில்? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, பி-மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல என்றும், ஒரே ஓர் எல்லைக்கோட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தது. நூல் அதற்கு முந்தியது, ஆகவே முழுப் பழியும் போட முடியாது. எஸ்.டி.பி.எம். மாணவரும் தேர்வுக்கு அந்தச் சடங்கைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் செய்யும்போது அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்து செய்வது நல்லது.

மூன்றாவது, எடுத்துக்காட்டுகள். டாலர், மைல், அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கை. மைய எல்லைத் தேற்றத்துக்கு ஒரு செய்முறையில் பாக்கெட்டில் இருக்கும் சில்லறையை எண்ணச் சொல்கிறார்கள். என் வகுப்பில் கேட்டேன். பாதிப் பேரிடம் சில்லறையே இல்லை, எல்லாம் கைப்பேசியில் கட்டுகிறார்கள். அந்த ஊருக்காக எழுதியவர்களிடம் போய், “எங்கள் தோட்டம் ஏன் இல்லை?” என்று கேட்பது நியாயமில்லை. அது அவர்கள் குறையல்ல, நாம் இன்னும் எழுதாததன் குறை.

ஒரு சொல்லுக்கு எத்தனை சொல்

அந்த மாணவிக்கு உண்மையில் எங்கே தடுக்கியது? அவளோடு உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. ஆறாம் ஆண்டில் என்னிடம் அவள் ‘சராசரி’ என்று படித்தாள். இடைநிலைப்பள்ளியில் அது ‘மின்’ ஆனது. (மின்சாரத்துக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் நாள் குழம்பியதாகச் சொல்லிச் சிரித்தாள்.) இப்போது அது ‘மீன்’. நடுவெண் ‘மெடியன்’, வீச்சு ‘ஜூலாட்’, பிறகு ‘ரேஞ்ச்’. திட்டவிலக்கத்தைத் தமிழில் அவள் படிக்கவே இல்லை. ‘சிசிஹான் பியாவாய்’ என்று மலாயில் அறிமுகமாகி, ஆங்கிலத்தில் முடிந்தது. ஒவ்வொரு முறையும் சொல் மாறியது, பொருளை யாரும் கைபிடித்துக் கூட்டிப்போகவில்லை.

சரி, தமிழிலாவது ஒரே சொல் உண்டா? தமிழ்நாட்டில் கூட்டுச்சராசரி, இடைநிலை அளவு, முகடு. இலங்கையில் இடை, இடையம், ஆகாரம். நாம் சராசரி, நடுவெண், முகடு என்கிறோம். இணையத்தில் தமிழ் விளக்கம் தேடும் மாணவர் இலங்கைக் காணொளியில் ‘ஆகாரம்’ என்று கேட்டால் சாப்பாட்டைத்தான் நினைப்பார். இன்னொரு சிக்கல்: பேச்சில் ‘சராசரி மனிதன்’ என்றால் சாதாரண ஆள், எங்கும் பார்க்கக்கூடியவர். அந்தப் பழக்கத்தால்தான் சராசரி 60 என்றதும் பெரும்பாலோர் 60-ஐ ஒட்டி இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது. என் வகுப்பில் அப்படி ஒருவர்கூட இல்லை.

ஆறாம் ஆண்டு ஆசிரியர் பாடம் முடியும்போது ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, “அடுத்த வருஷம் இதையே அங்க இப்படிச் சொல்வாங்க” என்று மூன்று மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். அது தமிழுக்குக் குறைவில்லை. தமிழில் பெற்ற பொருளைப் பிள்ளை மறுகரைக்குக் கொண்டுபோக அது பாலம்.

தேர்வு எழுதுவோர் கவனத்துக்கு

1. திட்டவிலக்கத்துக்கு இந்த நூல் பெரும்பாலும் கூறுச் சூத்திரத்தைப் பயன்படுத்தும், அதாவது n−1-ஆல் வகுக்கும். எஸ்.பி.எம்.மில் N-ஆல் வகுக்கிறோம். மேலே உள்ள 12 மதிப்பெண்களுக்கு விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8,324. பன்னிரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 26.34, பதினொன்றால் வகுத்தால் 27.51. இரண்டும் சரி, ஆனால் உங்கள் வினாவுக்கு ஒன்றுதான் விடை. எஸ்.டி.பி.எம். மாணவர்கள், தரவை விவரிக்கிறீர்களா, கூறைக் கொண்டு முழுத்தொகுதியை மதிப்பிடுகிறீர்களா என்று பார்த்துச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். கணிப்பானில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். எது எது என்று தேர்வுக்கு முன்பே சோதித்து வையுங்கள்.

2. எந்தத் தரவைப் பார்த்தாலும் முதலில் படம் வரையுங்கள். தண்டு-இலையோ புள்ளி வரைபடமோ, இரண்டு நிமிட வேலை. சராசரி பிறகு.

3. ‘விளக்குக’, ‘கருத்துரைக்க’ என்று வினா வந்தால் எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்த எண் யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.

4. முன்கணிக்கும் கோட்டைத் தரவின் எல்லைக்கு வெளியே இழுக்காதீர்கள். 200-க்கு 261 வாங்கிய மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. நேரம் குறைவாக இருந்தால் இந்த நூலில் 1, 2, 7, 12 ஆகிய இயல்களைப் படியுங்கள். மற்றவற்றைத் தேவைக்குத் திறந்தால் போதும். ஆங்கிலம் எளிமை, வாக்கியங்கள் சின்னவை, பயப்பட வேண்டாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

2013 பதிப்பின் உரிமம் தாராளமானது. எழுதியவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். ஆனால் 13 இயலையும் மொழிபெயர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு இயல்களின் கேள்வி கேட்கும் முறையை எடுத்துக்கொள்வோம், தரவை நாம் போடுவோம். பேராக்கின் குடும்ப வருமானச் சராசரியும் நடுவெண்ணும் புள்ளியியல் துறையின் ‘ஓப்பன்டோசம்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, ஈப்போவின் மழை நாட்கள், வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆகும் நிமிடங்கள் எல்லாம் தரவுதான். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால், மாணவரைப் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்: பால் எப்படி நிறுத்தார்கள், டி.ஆர்.சி. யார் பார்த்தார்கள், மழை நாளில் கணக்கு எப்படி, இலையுதிர் மாதங்களில் எவ்வளவு குறைந்தது? ஓராண்டுச் சராசரிக்குள் அந்த வறண்ட மாதங்கள் எப்படி மறைந்துபோயின என்று அந்தப் பாட்டி சொல்வார்.

அந்த மாணவி மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். அவர்கள் விரிவுரையாளர் மாணவர் செலவு பற்றிக் கருத்தாய்வு ஒன்று செய்யச் சொன்னாராம். சக மாணவர்கள் விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிட்டார்களாம். இவள், “அங்க சாப்பிட காசு இல்லாம ரூம்ல மெகி சாப்பிடுறவங்கள யாரு கேட்டா?” என்று கேட்டிருக்கிறாள்.

கேள்வி புரிய ஆரம்பித்துவிட்டது.